அப்பா தேர்ந்தெடுத்த தேநீர்க் கடை

டிரிஃபீல்ட்,
வியாழக்கிழமை மாலை

அன்பு மகள் ஹெதருக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குப் பசித்து, படுத்தால் தூங்கி, விடிந்தால் எழுந்து உட்காரும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் கிராண்டும் குட்டி ஜோயியும் அதைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஜோயிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா? ஈறில் கண்டதையும் தடவாதே, ஈரத் துணியைச் சுருட்டிக் குளிர வைத்துக் கடிக்கக் கொடு, நீயும் அப்படிக் கடித்துக் கடித்துத்தான் என் நல்ல கைக்குட்டைகளையெல்லாம் ஓட்டையாக்கினாய். உலகத்தின் அந்தக் கோடியில் உங்கள் ஊரில் இப்போதுதான் வசந்தம் எட்டிப்பார்க்கும், இங்கே காலையில் புல் நனைந்து கிடக்கிறது, குளிர் வரப்போகிறது. பின்புறத்து ஆப்பிள் மரம் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது, பாதியைக் குளவி தின்கிறது, மீதியைத் தெல்மா அத்தை பை எடுத்துக்கொண்டு வந்து பறித்துப் போகிறாள். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலியாம், வாயில் மட்டும் ஒரு வலியும் இல்லை.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே யார்க் நகரத்துக்குப் போய் வந்த கதையைச் சொல்லத்தான். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்குக் கால் தேறிவிட்டது, கைத்தடி ஊன்றி நன்றாக நடக்கிறார், ஒரு கையில் இன்னும் கொஞ்சம் பலம் குறைவு, பேச்சுதான் திரும்பவே இல்லை என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரிகிறது, நினைப்பதும் தெளிவாகத்தான் நினைக்கிறார், நினைத்த சொல் உதடு வரைக்கும் வந்து வேறு ஏதோ சொல்லாக வெளியே விழுகிறது, கதவு என்று சொல்ல வந்து கரண்டி என்பார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண், வர வேண்டியது வந்துவிட்டது, இனி இருப்பதைக் கொண்டு வாழப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஜூன் மாதம் ஒரு நாள் தபால் தலை வாங்கிவரத் தனியாகப் போனார். அஞ்சலக ஜன்னலில் கேட்கும்போது சொல் சிக்கிக்கொண்டது, பின்னால் வரிசையில் நின்ற யாரோ ஒருவன், "காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்று சொல்லியிருக்கிறான், நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். இதை எனக்கு அஞ்சலகத்துப் பெண் வந்து சொன்னாள், அப்பா சொல்லவில்லை. கால்நடைச் சந்தையில் அத்தனை வருஷம் ஏலம் விட்ட மனிதர், அந்த வேகப் பேச்சுக்கு நடுவே அவர் மூச்சு இழுப்பது எப்போது என்று விவசாயிகள் பந்தயம் கட்டுவார்களே, அந்த மனிதர் அன்று வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டியவர் கோடை முழுவதும் அதைத் தொடவில்லை. தோட்டத்துக் கதவைத் தாண்டவில்லை. முடி வெட்டுகிறவரைக்கூட நான் வீட்டுக்கு வரவழைத்தேன்.

இந்த மாதம் எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் வந்தது. என்ன செய்யலாம் ஹெட்லி என்று கேட்டேன், பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை, சும்மா கேட்டேன். அவர் மடியில் இருந்த செய்தித்தாளைத் திருப்பி ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். யார்க்கில் மதியத் தேநீர் குடிக்க நல்ல இடங்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள், நடுவில் மூன்று தட்டு அடுக்கு, கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் ரொட்டி, மேலே கேக். விரலை எடுக்கவே இல்லை. அங்கேயே ஒரு முடிவு எடுத்தேன். இவரை அழைத்துக்கொண்டு போவேன், ஆனால் இவருக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன். அதை அவரிடமே சொன்னேன், "நான் கூட வர்றேன், பஸ் ஏத்தி விடறேன், கோட்டுப் பித்தான் போட்டு விடறேன். ஆனா உனக்கு என்ன வேணும்னு நீதான் சொல்லணும், ஹெட்லி. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்." அவர் என்னை வெகு நேரம் பார்த்தார், சந்தைக்கு வந்த மாட்டைப் பார்க்கிற மாதிரி, இது தாங்குமா தாங்காதா என்று. பிறகு தலையை ஆட்டினார்.

பஸ் நிறுத்தத்துக்கே தெல்மா அத்தை வந்துவிட்டாள், யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை. "ஏவிஸ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? டீதானே, உங்க வீட்டுல தேயிலை இல்லையா, கெட்டில் இல்லையா? என் தம்பியை நாலு பேர் வேடிக்கை பாக்க எதுக்கு ஊர்வலம் கொண்டுபோற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஊர்வலமேதான் தெல்மா, நீயும் வந்து முன்னாடி கொடி பிடிச்சுக்கிட்டு நட" என்றேன். அப்பா எங்கள் இருவரையும் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டார். உன் அத்தை கெட்டவள் இல்லை, தம்பி மேல் உயிர், ஆனால் அவளுக்கு உயிர் என்றால் போர்வையைப் போட்டு மூடி வைப்பதுதான்.

யார்க்கில் இறங்கியபோது தூறல். முதலில் பிம்பர்னல் தேநீர்க்கூடம் என்ற இடத்துக்குப் போனோம், செய்தித்தாள்காரர்கள் அதற்குத்தான் தலையில் கிரீடம் வைத்திருந்தார்கள். வாசலில் குடைகள் வரிசை. நின்று நின்று அப்பாவின் நல்ல காலும் நடுங்க ஆரம்பித்த பிறகு உள்ளே விட்டார்கள். ஒரே சத்தம், தட்டும் கரண்டியும் மோத, மேசைக்கு மேசை இடித்துக்கொண்டு ஆட்கள். வந்த பையன் பென்சிலை நீட்டிக்கொண்டே வந்தான், "சொல்லுங்க சார்" என்றான். அப்பா ஆரம்பித்தார். "தே... தே..." அவ்வளவுதான், அதற்குள் அந்தப் பையன் என் பக்கம் திரும்பிவிட்டான், "சாருக்கு என்ன கொடுக்கலாம் மேடம்?" நான் சுவரைப் பார்த்தேன். "சாருக்குச் சர்க்கரை போடலாமா மேடம்?" எனக்குக் கை பரபரத்தது, ஹெதர், நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது, அவர் எப்படிக் குடிப்பார், எத்தனை கரண்டி என்று நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு, "எதிர்லதானே உக்காந்திருக்கார் தம்பி, அவரையே கேளுங்க" என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான், பிறகு வாசல் வரிசையைப் பார்த்தான். அப்பா தடியை ஊன்றி எழுந்துவிட்டார். முகம் செங்கல் மாதிரி. வெளியே வந்ததும் பஸ் நிலையம் இருக்கிற திசையைக் கையால் காட்டினார். "முடியாது" என்றேன். மறுபடியும் காட்டினார். "நீ போறதுன்னா போ ஹெட்லி, நான் இன்னைக்கு இந்த ஊர்ல உக்காந்து டீ குடிக்காம வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எதிர்த் திசையில் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் தடிச் சத்தம் கேட்கிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை.

இரண்டாவது, ஆற்றைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டல். அதை நான்தான் தேர்ந்தெடுத்தேன், சத்தம் இருக்காது, அவசரம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். சத்தமும் இல்லை, அவசரமும் இல்லை, கால் புதைகிற கம்பளம், ஒருவர் மெதுவாகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த மேற்பார்வைக்கார அம்மா அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு. அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, செவிடருக்குச் சொல்வது போல, "நாம இன்னைக்கு நல்லா இருக்கோமா? நமக்கு டீ வேணுமா?" என்று கேட்டாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். பிளாஸ்டிக் கோப்பை, ஹெதர், மூடி போட்டது, உறிஞ்ச மூக்கு வைத்தது, ஜோயி குடிக்கிறானே அந்த மாதிரி. எனக்குப் பக்கத்தில் தங்க விளிம்பு போட்ட பீங்கான். அப்பா அதைப் பார்த்தார். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஒரு எழுத்துப் பிசகவில்லை, ஒரு திக்கல் இல்லை, பழைய சந்தைக் குரல், கூடத்தின் கடைசி மேசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பியானோ நின்றுவிட்டது. அது என்ன வார்த்தை என்று நான் எழுதப் போவதில்லை, நீ சின்னவளாக இருந்தபோது காளை ஒன்று அவர் காலை மிதித்தபோது சொன்னாரே, அதுதான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன், அந்த அம்மாவிடம், "மன்னிக்கணும், எங்களுக்கு இந்த இடம் ஒத்து வராது" என்று சொன்னேன், இரண்டு பேரும் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தோம்.

ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஈரமாக இருந்தது, உட்கார்ந்துவிட்டோம். நான், "இது மட்டும் எப்படி இவ்வளவு அழகா வருது உனக்கு?" என்று கேட்டேன். முதலில் அவர் தோள் குலுங்கியது, அழுகிறார் என்று பயந்து பார்த்தால் சிரிக்கிறார். நானும் ஆரம்பித்தேன். வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம், அவர் நோயில் விழுந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து ஓய்ந்ததும் அவர் எழுந்தார். இந்தத் தடவை பஸ் நிலையத்தைக் காட்டவில்லை, எனக்காகக் காத்திருக்கவும் இல்லை, குறுகலான கல் தெருக்களுக்குள் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன்.

ஒவ்வொரு தேநீர்க் கடையாக ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒன்றில் எல்லாம் ரோஜாப்பூத் திரை, மேசை விரிப்பில் ரிப்பன், தடியை இப்படி அப்படி ஆட்டி வேண்டாம் என்றார். இன்னொன்றில் மாணவர்கள் கூட்டம், பாட்டு வேறு, அதுவும் வேண்டாம். மூன்றாவதில் எனக்கு எல்லாம் பிடித்திருந்தது, அவர் அதற்கும் தலையாட்டவில்லை, ஏன் என்று எட்டிப் பார்த்தேன், ஒரு பெண்மணி கடைசி வாயை விழுங்குவதற்குள் பரிமாறுகிறவள் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் பார்ப்பது கேக்கையும் திரையையும் இல்லை, உட்கார்ந்திருக்கிறவர்களை. கடைசியில் தொப்பிக் கடைக்கு மாடியில் ஒரு இடம். கீழிருந்து பார்த்தால் ஜன்னலோரம் ஒரு கிழவர் மட்டும் தெரிந்தார், குடித்து முடித்து வெறும் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம், அவரை யாரும் வந்து எழுப்பவில்லை. அப்பா தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார், ஏலம் முடிந்தால் சுத்தியலைத் தட்டுவாரே, அது மாதிரி. "மாடிப்படி ஹெட்லி, செங்குத்தா இருக்கு பாரு" என்றேன். அவர் ஏற ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியை இறுக்கி, நடுவில் ஒரு தடவை நின்று, ஏறிவிட்டார்.

மேலே பரிமாறின பெண் நிறை கர்ப்பிணி, வயிறு முதலில் வந்தது, அவள் பின்னால் வந்தாள். டெனிஸ் என்று பெயர். "என்ன கண்ணு கொண்டுவரட்டும்?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அப்பா திணற ஆரம்பித்தார், நான் மேசைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டேன். அவள் நாற்காலி முதுகில் சாய்ந்துகொண்டு, "மெதுவா யோசிங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க யோசிக்கிற வரைக்கும் நான் கொஞ்சம் சாஞ்சு நின்னுக்கறேன், உள்ளே இருக்கிற ஆளு காலையிலேருந்து உதைச்சுக்கிட்டே இருக்கான்" என்றாள். வேறு ஒன்றும் செய்யவில்லை, அப்பாவின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா முயன்றார். "ரெண்டு..." என்று வந்தது. மறுபடி "ரெண்டு..." நெற்றியில் வேர்த்துவிட்டது. "ரெண்டு... கிடாரி."

சந்தையில் ஏலம் விட்ட இளம் பசு வாய்க்கு வந்துவிட்டது, எனக்கு உலகமே நின்றுவிட்டது. தபால் நிலையம், அந்தச் சிரிப்பு, எல்லாம் கண் முன்னால் வந்தது. டெனிஸ் திரும்பிப் பார்த்தாள். "கிடாரியா? அது நேத்தே வித்துப்போச்சே கண்ணு. ஸ்கோன் இருக்கு, இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்தது. அது பரவாயில்லையா?" என்றாள். அப்பா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார், குறுக்கெழுத்துக் கிழவரும் சிரித்தார், அதில் ஒரு முள்ளும் இல்லை. "ஆமா" என்றார் அப்பா. "ஸ்கோன்." வந்துவிட்டது! அதற்குப் பிறகு டீ தானாக வந்தது, சாண்ட்விச்சுக்கு வெள்ளரிக்காயா முட்டையா என்று அவள் கேட்டதற்கு முட்டை என்பதும் வந்தது. அவள் எழுதிக்கொண்டே, "ஜாம் ஸ்ட்ராபெரிதானே, எல்லாரும் அதுதான் கேப்பாங்க" என்று திரும்பினாள். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். "இல்ல." அவள் நின்றாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்கார்ந்தபடியே நின்றேன் என்று வைத்துக்கொள். இது மற்றதைப் போல இல்லை, வெகு நேரம் பிடித்தது, பக்கத்து மேசைக்குப் பில் கொடுத்துவிட்டு வந்து அவள் மறுபடியும் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "பி... பி... பிளம்ஸ்" என்றார். சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இனிமே... ஸ்ட்ராபெரி... வேணாம். போதும்."

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஸ்ட்ராபெரிதான் கொடுத்தார்கள், விதை கூடத் தெரியாமல் மசித்துக் கொடுத்தார்கள், அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் நான் காலையில் அதையேதான் ரொட்டியில் தடவி, துண்டு போட்டு, முன்னால் வைக்கிறேன். தினமும். அவரும் தினமும் தின்றார். நான் கேட்டேன், "ஏன் ஹெட்லி, இத்தனை நாள்ல ஒரு தரமாவது ஜாடை காட்டியிருக்கக் கூடாதா?" அவர் ஸ்கோன் வருகிற வரைக்கும் பதில் சொல்லவில்லை, சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். நல்ல கையால் அதைப் பிட்டு, பிளம்ஸ் ஜாமை அவரே தடவி, அதன் மேல் பாலாடையை வைத்து, ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னார், "நீ... கேக்கலை."

கோபமாகச் சொல்லவில்லை, ஹெதர். உண்மையைச் சொன்னார். பிறகு அவரே தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கி எனக்கு ஊற்றினார், பாதி தட்டில் போனது, மீதியைக் குடித்தேன், அதைப் போல ஒரு டீ நான் குடித்ததில்லை. மேல் தட்டில் இருந்த கேக் இரண்டையும் அவரே தின்றார். வேண்டுமா என்று என்னைக் கேட்டார், தலையை ஆட்டி அல்ல, வாயால். நான் வேண்டாம் என்றேன். அடுத்த தடவை வேண்டும் என்று சொல்லப் போகிறேன்.

வந்த பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். ஸ்ட்ராபெரி ஜாம் அத்தனையும் தெல்மா அத்தை வீட்டுக்குப் போயாகிவிட்டது. பேச்சுப் பயிற்சிக்கு மறுபடி ஆள் அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் நேரில் போய்க் கேட்டேன், பார்க்கலாம் என்றார், பார்க்கிற வரைக்கும் வாரா வாரம் வந்து உங்கள் வாசலில் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறேன், உட்காரவும் செய்வேன். செவ்வாய்க்கிழமை அப்பா சந்தைக்குப் போனார், நான் கூடப் போகவில்லை. என்ன பேசினார், யாரிடம் பேசினார் என்று எனக்குத் தெரியாது, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தார், பூட்ஸ் நிறையச் சாணி. சில நாள் ஒரு சொல்கூட வராது, அன்றைக்கெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் இனி இந்த வீட்டில் அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடம்தான் கேட்பது, அது முடிவு.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதே. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கூப்பிட்டதும் என்னிடம், அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்கிறாய். நான் சொல்கிறேன், சாப்பிட்டார், தூங்கினார், இன்றைக்குக் கொஞ்சம் சோர்வு என்று. அவர் அந்த நேரமெல்லாம் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீ கூப்பிடுகிற நாளில் மட்டும் அவர் முகம் மழித்துக்கொண்டு உட்காருகிறார் என்பதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. வருகிற ஞாயிறு மணி அடித்ததும் நான் எடுக்கப் போவதில்லை, அப்பாதான் எடுப்பார். எடுத்ததும் சத்தம் ஒன்றும் வராது. லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடாதே, ஹலோ ஹலோ என்று கத்தாதே, அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லாதே. அவர் அங்கேதான் இருப்பார், உனக்கான சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். நீ ஜோயியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திரு.

நீங்கள் மூன்று பேரும் உடம்பில் நோவு இல்லாமல், மனதில் குறை இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து இருக்க வேண்டும். கிராண்டுக்கு எங்கள் அன்பு, குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

என்றும் உன் நலமே நினைக்கும்
அம்மா
ஏவிஸ் அவுத்வெயிட்